தொகுப்பின் பதிப்புரிமைக் கோப்பில் என்ன இருக்க வேண்டும், ஏன்?

கேள்வி இது: ஒருவர் படச் செயலாக்க நூலகம் ஒன்றை, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவுவதற்கான தொகுப்பாக்கிக்கொண்டிருக்கிறார். மூலநிரலின் முதல் கோப்புறையில் எம்ஐடி என்ற எளிய திறந்த மூல உரிமம் இருக்கிறது. அதையே பதிப்புரிமைக் கோப்பில் ஒட்டிவிட்டால் போதாதா, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து ஒவ்வொருவர் பெயரையும் எழுதத்தான் வேண்டுமா என்று கேட்கிறார். உள்ளே ஒரு கோப்புறையில் யார் எழுதியது, என்ன உரிமம் என்று எந்தக் குறிப்பும் இல்லையாம். அதை என்ன செய்வது என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

போதாது. முதல் கோப்புறையில் இருக்கும் உரிமம், அந்தத் திட்டத்தை நடத்துகிறவர் தன்னுடைய நிரலுக்குக் கொடுத்தது. நீங்கள் ஊருக்குக் கொடுக்கப்போவதோ டார்பாலுக்குள், அதாவது மூலநிரல் முழுவதையும் அடைத்த சுருக்கக் கோப்புக்குள், இருக்கும் அத்தனையையும். வேறு திட்டத்திலிருந்து எடுத்துப் போட்ட குறியாக்கி அதில் இருக்கலாம், ஆவணப் பக்கங்களுக்கான எழுத்துரு இருக்கலாம், சோதனைக்கு வைத்த படங்கள் இருக்கலாம். அவற்றுக்கு உரிமையாளர்கள் வேறு ஆட்கள். அவர்கள் சார்பில் எம்ஐடி என்று சொல்லும் அதிகாரம் அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

இதற்கு அடியில் இருக்கும் சட்டம் எளிமையானது. 1886-இல் தொடங்கிய பெர்ன் உடன்படிக்கையை இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் ஏற்றிருக்கின்றன. அதன்படி ஒன்றை எழுதி முடித்த உடனேயே எழுதியவருக்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டாம், பதிப்புரிமைக் குறி போட வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்கா 1989 மார்ச்சில்தான் இதில் சேர்ந்தது. அதற்கு முன் அங்கே குறிப்பு போடாமல் வெளியிட்டால் உரிமையையே இழக்க நேர்ந்தது. அந்தப் பழைய காலத்து நினைப்பில்தான் பலர் இன்றும் "ஒன்றும் போடவில்லையே, அப்படியானால் எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். இப்போது நிலைமை தலைகீழ். ஒன்றும் எழுதவில்லை என்றால் நகலெடுக்கவும், மாற்றவும், விநியோகிக்கவும் அனுமதி இல்லை என்றே பொருள்.

பெயர்களுக்கு வருவோம். எம்ஐடி உரிமத்தை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள், மூன்றே பத்திதான். முதல் பத்தி உரிமைகளை அள்ளிக் கொடுக்கிறது. மூன்றாவது பத்தி உத்தரவாதம் எதுவும் இல்லை என்கிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு நிபந்தனை: மேலே உள்ள பதிப்புரிமை வரியும் இந்த அனுமதிக் குறிப்பும் எல்லா நகல்களிலும், கணிசமான பகுதிகளிலும் இருக்க வேண்டும். அந்தப் பதிப்புரிமை வரியில் இருப்பது ஆண்டும் பெயரும்தான். பெயரை விட்டுவிட்டு உரிம வாசகத்தை மட்டும் ஒட்டினால், நிரலை எழுதியவர் கேட்ட அந்த ஒன்றையும் கொடுக்காமல் விட்டதாகிறது. பிஎஸ்டி உரிமங்கள் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கின்றன: இயங்கு கோப்பாகக் கொடுத்தால், கூடவே போகும் ஆவணத்தில் பதிப்புரிமை வரியை அப்படியே தர வேண்டும். உங்கள் தொகுப்பை நிறுவுகிறவரிடம் மூலநிரல் இருக்காது. அவருடைய கணினியில் /யுஎஸ்ஆர்/ஷேர்/டாக் என்ற இடத்தில், தொகுப்பின் பெயருக்குக் கீழே போய் உட்காரும் அந்தப் பதிப்புரிமைக் கோப்புதான் அந்த ஆவணம். நிபந்தனையை நிறைவேற்றும் இடமே அதுதான். அதனால்தான் டெபியன் கொள்கை ஒவ்வொரு தொகுப்புக்கும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. புதிய தொகுப்புகள் களஞ்சியத்துக்குள் நுழையும் முன் ஆட்கள் உட்கார்ந்து சரிபார்ப்பதும் முக்கியமாக அதைத்தான். விடுபட்ட உரிமம் ஒன்று கண்ணில் பட்டால் தொகுப்பு திரும்பி வரும்.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு ஜேக்கப்சன் – கட்சர் வழக்கைத்தான் நான் எப்போதும் காட்டுவேன். பொம்மை ரயில்களைக் கணினியால் இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறந்த மூலத் திட்டம் ஆர்ட்டிஸ்டிக் உரிமத்தில் வந்தது. எதிர்த்தரப்பான கட்சரின் வணிக மென்பொருளில் அதன் சில கோப்புகள் பயன்படுத்தப்பட்டிருந்தன. ஆசிரியர் பெயர்கள் இல்லை, பதிப்புரிமை வரிகள் இல்லை, உரிமக் கோப்பைச் சுட்டும் குறிப்பு இல்லை, எதை மாற்றினார்கள் என்ற விவரமும் இல்லை. கீழ் நீதிமன்றம் இதைப் பதிப்புரிமை மீறலாகப் பார்க்கவில்லை, அதிகபட்சம் ஒப்பந்த மீறல் என்றது. 2008 ஆகஸ்டில் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பணம் கைமாறாவிட்டாலும் திறந்த மூல உரிமத்தின் நிபந்தனைகள் உண்மையான நிபந்தனைகளே, அவற்றை மீறுவது பதிப்புரிமை மீறலாகும் என்று சொன்னது. கவனியுங்கள், அந்த வழக்கில் விடுபட்டதாகச் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரு பதிப்புரிமைக் கோப்பில் நாம் எழுதுகிற விஷயங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கருவியை ஓட்ட வேண்டாம். கோப்புறை அமைப்பைக் கண்ணால் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். மூன்றாம் தரப்பு, வெண்டர், எக்ஸ்டர்னல், காண்ட்ரிப் என்ற மாதிரிப் பெயர் உள்ள கோப்புறைகள் எங்கே இருக்கின்றன? சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறதா? எழுத்துரு, படம், ஒலி, மாதிரித் தரவு? பில்ட் கருவிகள் உண்டாக்கிய கோப்புகள்? இந்த ஐந்து நிமிடச் சுற்றிலேயே பாதிப் படம் தெரிந்துவிடும். அதற்கப்புறம், கோப்புகளில் உரிமக் குறிப்புகளைத் தேடும் லைசென்ஸ்செக் போன்ற கருவியை ஓட்டினால் அது சொல்வதை எடைபோட உங்களிடம் ஏதாவது இருக்கும். பெரிய மூலம் என்றால் ஸ்கேன்கோடு இன்னும் ஆழமாகத் தேடும். ஆனால் எந்தக் கருவியும் கோப்பில் எழுதியிருப்பதைத்தான் படிக்கும். எழுதாமல் விட்டதை அதனால் கண்டுபிடிக்க முடியாது. "தெரியவில்லை" என்று அது காட்டும் வரிகளில்தான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும்.

கோப்பின் தலையில் இருக்கும் குறிப்பை வாசிக்கும்போது ஒரு சொல்லையும் தாண்டிப் போகாதீர்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வெளியிட்ட ஜிபிஎல் உரிமத்தின் குறிப்புகளில் வழக்கமான வாசகம், "உரிமத்தின் 2-ஆம் பதிப்பு, அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்" என்று போகும். சில திட்டங்கள் அந்த இரண்டாம் பாதியை வேண்டுமென்றே வெட்டிவிடும். லினக்ஸ் கெர்னல் அப்படித்தான், 2-ஆம் பதிப்பு மட்டும். கூடவே இருக்கும் முழு உரிம வாசகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், வேறுபாடு தலைக்குறிப்பில் மட்டும்தான் இருக்கும். இந்த வேறுபாட்டால் என்ன ஆகும்? ஜிபிஎல் நூலகம் ஒன்றோடு அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ள ஒன்றை இணைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாட்டில் அப்பாச்சி 2.0 ஜிபிஎல் 3-உடன் ஒத்துப்போகும், 2-உடன் ஒத்துப்போகாது. "பிந்தைய பதிப்பும்" என்று இருந்தால் 3-ஐ எடுத்துக்கொண்டு மேலே போகலாம். "மட்டும்" என்றால் அந்த இணைப்பை விநியோகிக்க வழியில்லை. உரிமங்களுக்குப் பொதுவான குறியீடுகளைத் தரும் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் முன்பு ஜிபிஎல்-2.0 என்று வெறுமனே இருந்த குறியீட்டை 2017-இல் "ஒன்லி", "ஆர்-லேட்டர்" என இரண்டாகப் பிரித்ததும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். நீங்களும் வெறும் "ஜிபிஎல்" என்று எழுதவே எழுதாதீர்கள்.

தலைக்குறிப்பில் அறக்கட்டளையின் பழைய முகவரி இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முகவரி மாறியதால் உரிமம் மாறாது.

"அல்லது", "மற்றும்" என்ற இரண்டையும் மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. பெர்ல் நிரல்மொழி உலகில் "பெர்லின் அதே நிபந்தனைகளில்" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அதற்கு ஆர்ட்டிஸ்டிக் அல்லது ஜிபிஎல் 1-உம் அதற்குப் பிந்தையதும் என்று பொருள். பெறுகிறவர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தொகுப்பாளர் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எழுதி மற்றதை நீக்கினால், பயனருக்கு இருந்த தேர்வைப் பறித்ததாகிறது. "மற்றும்" வருவது வேறு சந்தர்ப்பத்தில்: ஒரே கோப்பில் பாதி ஒருவருடையது, பாதி இன்னொருவருடையது என்றால் இரண்டு உரிமத்தையும் சேர்த்தே பின்பற்ற வேண்டும். விதிவிலக்குகளையும் விடாதீர்கள். பில்ட் ஸ்கிரிப்டுகளை உண்டாக்கும் ஆட்டோகான்ஃப் கருவியோடு வரும் கான்ஃபிக்.கெஸ் கோப்பு ஜிபிஎல் 3-இல் இருந்தாலும், ஆட்டோகான்ஃப் உண்டாக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் உள்ள திட்டத்தோடு அந்தத் திட்டத்தின் நிபந்தனையிலேயே கொடுக்கலாம் என்ற சலுகை அதே தலைக்குறிப்பில் இருக்கிறது. சலுகையை எழுதாமல் ஜிபிஎல் 3 என்று மட்டும் போட்டால், உங்கள் எம்ஐடி நூலகத்தில் இல்லாத சிக்கல் இருப்பதாகப் படிப்பவர் நினைப்பார்.

வடிவத்துக்கு வந்தால், டெபியனில் இயந்திரம் வாசிக்கக்கூடிய 1.0 வடிவம் இருக்கிறது. கட்டாயம் இல்லை, ஆனாலும் புதிதாக எழுதுகிறவர் அதையே பின்பற்றுவது நல்லது. உங்கள் நூலகத்துக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும். புலப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், கோப்பில் அவை ஆங்கிலத்தில் இருக்கும்.

ஃபைல்ஸ்: *
காப்பிரைட்: 2014-2023 நூலகத்தின் ஆசிரியர்
லைசென்ஸ்: எக்ஸ்பாட்

ஃபைல்ஸ்: வெண்டர்/குறியாக்கி/*
காப்பிரைட்: 2009 குறியாக்கியை எழுதியவர்
லைசென்ஸ்: பிஎஸ்டி-3-கிளாஸ்

ஃபைல்ஸ்: டாக்/எழுத்துரு/*
காப்பிரைட்: 2011 எழுத்துருவை வடிவமைத்தவர்
லைசென்ஸ்: ஓஎஃப்எல்-1.1

நட்சத்திரம் உள்ள பத்தி முதலில் வர வேண்டும். ஒரு கோப்புக்குப் பல பத்திகள் பொருந்தினால் கடைசியாகப் பொருந்துவதுதான் செல்லும் என்பது இந்த வடிவத்தின் விதி. நட்சத்திரத்தைக் கடைசியில் போட்டால் மேலே எழுதிய எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். எம்ஐடி என்பதற்குப் பதில் எக்ஸ்பாட் என்று எழுதியிருக்கிறேன், ஏனென்றால் எம்ஐடி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வாசகங்கள் உலவுகின்றன. டெபியன் அந்தக் குறிப்பிட்ட வாசகத்துக்கு எக்ஸ்பாட் என்ற பெயரை வைத்திருக்கிறது. எஸ்பிடிஎக்ஸில் அதே வாசகத்துக்குப் பெயர் எம்ஐடிதான். இரண்டையும் கலக்காமல், எந்த வடிவத்தில் எழுதுகிறீர்களோ அதன் பெயரைப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு உரிமத்துக்கும் முழு வாசகம் கோப்பின் கீழே ஒரு முறை வர வேண்டும். ஜிபிஎல், எல்ஜிபிஎல், அப்பாச்சி 2.0 போன்ற நீளமானவை டெபியன் கணினிகளில் பொது உரிமங்களுக்கான கோப்புறையில் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றைச் சுட்டிக்காட்டினால் போதும். சுட்டும்போது பதிப்பு எண்ணோடு சுட்டுங்கள். எண் இல்லாத ஜிபிஎல் என்ற பெயர் புதிய பதிப்பை நோக்கிய இணைப்பு மட்டுமே. எம்ஐடி அந்தக் கோப்புறையில் இல்லை. பிஎஸ்டி இருக்கிறது, ஆனால் அது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த வாசகம். உங்கள் குறியாக்கிக்காரரின் வாசகத்தில் வேறு பெயர் இருக்கும், ஒன்றிரண்டு சொற்கள் மாறியும் இருக்கும். அதனால் பிஎஸ்டியை எப்போதும் மூலத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து நகலெடுத்துப் போடுவதே சரி.

ஒவ்வொருவர் பெயரையும் எழுத வேண்டுமா என்றீர்கள். கோப்புகளில் பதிப்புரிமை வரியாக எழுதியிருக்கும் பெயர்களை எழுத வேண்டும். நிரலில் நடந்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றைத் தோண்டி, ஒரு எழுத்துப் பிழை திருத்தியவர் வரைக்கும் பட்டியலிடத் தேவையில்லை. பங்களித்தவர் வேறு, உரிமையாளர் வேறு. ஒருவர் தன் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போகிறது. "இந்தத் திட்டத்தின் ஆசிரியர்கள்" என்று பொதுவாக எழுதியிருந்தால் அதையே எடுத்தெழுதுங்கள். நீங்களாக ஊகித்து ஒரு பெயரைச் சேர்ப்பது, இருக்கும் பெயரை விடுவதைப் போலவே தவறு. ஆண்டுகளை ஒரே பெயருக்குச் சேர்த்துச் சுருக்கலாம், 2014, 2015, 2016 என்பதை 2014-2016 என்று. அப்பாச்சி 2.0 பகுதி ஏதாவது இருந்து, அதில் நோட்டீஸ் என்ற கோப்பும் இருந்தால் அதன் வாசகமும் தொகுப்போடு போக வேண்டும். இதை மறப்பவர்கள் நிறையப் பேர்.

உங்கள் சொந்தக் கோப்புகளுக்கும், அதாவது டெபியன் கோப்புறைக்குள் நீங்கள் எழுதுகிறவற்றுக்கும் ஒரு பத்தி வேண்டும். அதற்கு மூலத் திட்டத்தின் உரிமத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. மூலம் எம்ஐடியாக இருக்க, அதில் நீங்கள் செய்யும் திருத்தங்கள் ஜிபிஎல் 3 என்றால், நீங்கள் சரிசெய்த பிழையை மூல ஆசிரியர் தன் நிரலில் எடுத்துக்கொள்ள முடியாமல் தவிப்பார்.

இனி உரிமக் குறிப்பு எதுவும் இல்லாத அந்தக் கோப்புறை. முதலில் அது எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். கிட் வரலாற்றில் அந்தக் கோப்புகள் நுழைந்த கமிட் செய்தியில் பெரும்பாலும் தடயம் இருக்கும். கோப்பில் இருக்கும் தனித்துவமான ஒரு வரியைத் தேடினால் மூலத் திட்டமே கிடைக்கலாம். கேள்வி-பதில் தளத்திலிருந்து வெட்டி ஒட்டியது என்று தெரிந்தால், அதற்கும் உரிமம் உண்டு: ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் வருபவை கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்-அதேபோல் உரிமத்தில் இருக்கின்றன, எழுதியவர் பெயரைச் சொல்லியாக வேண்டும், அந்த உரிமத்தின் எந்தப் பதிப்பு என்பது எழுதிய நாளைப் பொறுத்தது. மூல ஆசிரியரே எழுதியது என்று வரலாறு காட்டினால், முதல் கோப்புறையின் உரிமம் அதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டதற்கான காரணத்தைக் காமென்ட் புலத்தில் ஓரிரு வரியில் எழுதிவையுங்கள். நாளைக்கு உங்கள் இடத்துக்கு வருகிறவர் அதே தேடலை மறுபடி செய்ய வேண்டியிருக்காது.

ஒன்றும் கிடைக்கவில்லையா, ஆசிரியரிடம் கேளுங்கள். "உங்கள் உரிமம் தெளிவாக இல்லை" என்று பொதுவாக எழுதினால் பதில் வராமலே போகலாம். "இந்தக் கோப்புறையில் இந்த நான்கு கோப்புகளை எழுதியது யார், எந்த உரிமத்தில் தருகிறீர்கள், அதை ஒரு கோப்பாகக் களஞ்சியத்தில் சேர்ப்பீர்களா" என்று கேளுங்கள். முடிந்தால் சேர்க்க வேண்டிய மாற்றத்தை நீங்களே செய்து அனுப்புங்கள். ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ரீயூஸ் விதிமுறை இதற்கு அருமையான வழி காட்டுகிறது: ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதிப்புரிமை வரியும் எஸ்பிடிஎக்ஸ் குறியீடும், லைசென்சஸ் என்ற கோப்புறையில் முழு வாசகங்கள், படம் போன்று தலைக்குறிப்பு போட முடியாதவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு துணைக்கோப்பு. லினக்ஸ் கெர்னலே 2017-இல் 4.14 பதிப்புக்காக, குறிப்பு எதுவும் இல்லாமல் கிடந்த ஆயிரக்கணக்கான கோப்புகளில் எஸ்பிடிஎக்ஸ் வரியைச் சேர்த்தது. மூலத்தில் ஒரு தடவை சரியானால் ஃபெடோரா போன்ற வேறு லினக்ஸின் தொகுப்பாளருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே சரியாகிறது.

பதில் மின்னஞ்சலில் மட்டும் வந்தால் அதன் வாசகத்தைப் பதிப்புரிமைக் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள். ஆனால் "டெபியன் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று அவர் சொன்னால் அதை ஏற்காதீர்கள். டெபியனுக்கு மட்டும் தரும் உரிமம் செல்லாது என்று அதன் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுதல்களிலேயே 8-ஆவது விதி இருக்கிறது. டெபியனிடமிருந்து பெற்று வேறொருவர் மாற்றி விநியோகித்தாலும் அதே உரிமைகள் போய்ச் சேர வேண்டும். வணிகத்துக்குக் கூடாது, ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற நிபந்தனைகளும் இப்படியே தடைபடும்.

பதிலே வரவில்லை என்றால், அந்தக் கோப்புறையை எடுத்துவிடுவதுதான் வழி. பதிப்புரிமைக் கோப்பில் எல்லா ஃபைல்ஸ் பத்திகளுக்கும் மேலே வரும் தலைப்புப் பத்தியில், ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட் என்ற புலத்தில் அதன் பெயரைக் கொடுத்தால் யூஸ்கேன் கருவி அதை நீக்கி டார்பாலைத் திரும்பக் கட்டித் தரும். பதிப்பு எண்ணோடு டிஎஃப்எஸ்ஜி (மேலே சொன்ன வழிகாட்டுதல்களின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பின்னொட்டும் சேர வேண்டும், இது மூலத்திலிருந்து மாறியது என்று தெரிவதற்காக. அதில் இருப்பவை சோதனைப் படங்களும் மாதிரித் தரவும்தான் என்றால், நீக்கினால் ஒன்றிரண்டு சோதனைகள் ஓடாமல் போகும், அவ்வளவே. அவற்றுக்குப் பதில் நீங்களே இரண்டு படங்களை உண்டாக்கி, எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் சிசி0-வில் மூலத் திட்டத்துக்கு அனுப்பிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அடுத்த வெளியீட்டிலிருந்து மூல டார்பாலையே அப்படியே பயன்படுத்தலாம்.